கிறிஸ்துமஸ் பீருக்கு மசாலா: பிரியாணியும் ஆகக்கூடாது, கஷாயமும் ஆகக்கூடாது

டிசம்பர் பிறந்தால் போதும், கிறிஸ்துமஸ் பீருக்கு என்ன மசாலா போடுவது, எவ்வளவு போடுவது என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் இரண்டு வகை. வேலூரிலிருந்து கிளம்பி மெல்பர்ன், டொராண்டோ என்று போய்ச் சேர்ந்து, அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சப் பழகிக்கொண்ட நம்ம ஊர்க்காரர்கள் ஒரு வகை. காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இருந்துகொண்டு, பண்டிகைக்கு வருகிறவர்களுக்குக் கேக்கோடு சேர்த்துக் கொடுக்க இஞ்சி பீர் மாதிரி ஏதாவது செய்ய நினைப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் மசாலா விஷயத்தில் சொல்ல வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் இதை ஒரே கட்டுரையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம். தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சக்கூடாது. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது, அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், கடையில் விற்கிறதே என்று வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை. அதனால் இங்கே இருப்பவர்கள் புளிக்க வைக்கிற வேலைக்கே போக வேண்டாம். இஞ்சிப் பாகும் சோடாவும் போதும், அல்லது பெரிய கடைகளில் கிடைக்கும் ஆல்கஹால் இல்லாத மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பானத்தை வாங்கி அதில் மசாலா சேர்க்கலாம். வீட்டில் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கேயும் அந்தந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். வெளிநாட்டுக் குறிப்புகள் எல்லாவற்றிலும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலக்காய், அன்னாசிப்பூ என்று ஒரு பட்டியல் இருக்கும். அவர்களுக்கு அந்த வாசனை வந்தாலே கிறிஸ்துமஸ். நமக்கு? ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் ஒன்றாக வந்தால் தம் போட்ட அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரிதான் இருக்கும். சரி, அது வேண்டாம் என்று மிளகு, சுக்கு பக்கம் போனால் சளிக்குப் போடும் கஷாயம் ஆகிவிடுகிறது. மெல்பர்னில் இருக்கும் என் அத்தை பையன் ஓர் அமெரிக்கக் குறிப்பை ஒரு கிராம்பு கூடக் குறையாமல் அப்படியே செய்திருக்கிறான். அங்கே வந்த வெள்ளைக்கார நண்பர்கள் ஆகா ஓகோ என்று குடித்தார்களாம். நம்ம ஊர்க்காரர் ஒருவர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு "தாளிச்சா எங்கே மச்சான்?" என்றாராம். ஆகவே பட்டியலைக் காப்பி அடிக்காதீர்கள். அளவையும் சேர்மானத்தையும் நம்ம மூக்குக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது என்றால், ஒரே ஒரு மசாலா முன்னால் நிற்கட்டும், மற்றவை அதற்குப் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இருக்கட்டும். எல்லாவற்றையும் சம அளவில் போட்டால் அது கரம் மசாலா. முன்னால் நிற்க நான் சிபாரிசு செய்வது ஆரஞ்சுத் தோல். பழத்தோலின் வாசனை வந்துவிட்டால் பிரியாணி நினைப்பு பாதிக்கு மேல் போய்விடும், கேக் நினைப்பு வந்துவிடும். இரண்டாவதாக இஞ்சியோ தனியாவோ. பட்டை அதற்கும் பின்னால். கிராம்பு, அன்னாசிப்பூ இரண்டையும் பெயருக்கு மட்டும் சேர்க்க வேண்டும். பிரிஞ்சி இலை, சோம்பு, புதினா கிட்டவே வரக்கூடாது.

பீரில் தனியாவா என்று முகம் சுளிக்க வேண்டாம். பெல்ஜியத்தில் கோதுமை பீருக்குத் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பழைய வழக்கம். அந்த வகை பீர் வழக்கொழிந்து போயிருந்தபோது 1966இல் ஹூகார்டன் ஊரில் பியேர் செலிஸ் என்பவர்தான் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். நம்ம ஊர்த் தனியா கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும், எலுமிச்சை சாயலில் ஒரு வாசனை உண்டு, இந்த வேலைக்கு நன்றாகவே ஒத்துப்போகும். சாம்பாருக்கு வறுப்பது போலச் சிவக்க வறுத்துவிடாதீர்கள், அப்புறம் அது சாம்பார்தான். வெறும் வாணலியில் சூடு ஏறும் வரை புரட்டி இறக்கி, ஒன்றிரண்டாக நசுக்கினால் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

வேலூர் லாங் பஜார் பக்கம் மசாலாச் சாமான் வாங்கப் போனால் பொடி எதையும் வாங்காதீர்கள், எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். பொடி போட்டால் பானம் கலங்கும், அடியில் மண் மாதிரி தங்கும், அதைவிட மோசம், நுரை பொங்கும். சின்னச் சின்னத் துகளைப் பிடித்துக்கொண்டுதான் வாயுக் குமிழிகள் கிளம்புகின்றன, அதனால் பொடி கலந்த பாட்டிலைத் திறந்தால் பாதி தரைக்குப் போய்விடும்.

கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராம்பு முங்கும் அல்லது தலை மேலே தெரிய நிமிர்ந்து மிதக்கும், எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் கிராம்பு படுத்து மிதக்கும். பட்டையில், கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது தடித்த, கெட்டியான ரகம், காரம் அதிகம், பிரியாணிக்கு அதுதான் சரி. இதற்கு மெல்லிய தாள்களைச் சுருட்டியது போலிருக்கும் சிலோன் பட்டை கேளுங்கள், விலை கூடத்தான், ஆனால் இனிப்பு வாசனை. கையால் நொறுக்கினால் நொறுங்க வேண்டும். தடித்த பட்டைதான் கிடைத்தது என்றால் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஜாதிக்காய் ஒன்று போதும், ஒரு குடும்பத்துக்குப் பல வருஷம் வரும். அதை எப்போதும் துருவித்தான், அதுவும் சிட்டிகைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். நிறைய சாப்பிட்டால் தலை சுற்றும், வாந்தி வரும், விளையாட்டில்லை. ஏலக்காய் பச்சையாக, மூடிய தோலோடு இருக்கட்டும். ஆரஞ்சு டிசம்பரில் வண்டி வண்டியாக வருகிறது, கமலா ஆரஞ்சே போதும். தோலை நன்றாகக் கழுவி, மேலே உள்ள நிறப் பகுதியை மட்டும் சீவுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருப்பதால் உரித்த பிறகு சீவ முடியாது, பழத்தோடு வைத்துத்தான் சீவ வேண்டும்.

மசாலாச் சாறு எடுப்பது

மசாலாவை நேராகப் பானத்தில் போடாதீர்கள். தனியாகச் சாறு எடுத்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ருசி பார்த்துக் கலக்க வேண்டும். போடாததை எப்போது வேண்டுமானாலும் போடலாம், போட்டதை எடுக்க முடியாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். வேலூர் போர்வெல் தண்ணீரின் உப்பு எல்லாருக்கும் தெரிந்ததே, கேன் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விரல் நீளப் பட்டை ஒன்று, நசுக்கிய தனியா 2 டீஸ்பூன், நசுக்கிய மிளகு நாலைந்து போட்டு, மூடி, சிம்மில் 10 நிமிஷம் வைக்க வேண்டும். கடினமான சாமான்களுக்கு இந்தக் கொதி தேவை. அடுப்பை அணைத்த பிறகுதான் மென்மையானவை: ஒரு பெரிய ஆரஞ்சின் தோல், தட்டிய ஏலக்காய் 2, கிராம்பு 2, அன்னாசிப்பூவில் ஒரே ஒரு இதழ். பூ முழுசும் இல்லை, ஒரு இதழ். இவற்றின் வாசனை எண்ணெய்கள் கொதியில் ஆவியோடு போய்விடும். சமையலறை முழுக்க மணக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், மணப்பது எல்லாம் பானத்திலிருந்து போனதுதான். மூடி வைத்து 15 நிமிஷம் கழித்து வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், பிழிய வேண்டாம், பிழிந்தால் துவர்ப்பும் கலங்கலும் இறங்கும். கிட்டத்தட்ட 200 மில்லி தேறும், வெளிர்பழுப்பாக இருக்கும். தனியாகக் குடித்துப் பார்த்தால் சகிக்காது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆறியதும் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும்.

அடிப்படைப் பானம், இங்கே இருப்பவர்களுக்கு

இது எளிது. இஞ்சி 200 கிராம் கழுவித் தோலோடு தட்டி, அரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிஷம் கொதிக்க வைத்து வடிகட்டி, அதில் சர்க்கரை 150 கிராம், பனைவெல்லம் 150 கிராம் கரைத்து, பனைவெல்லத்தில் மண் இருக்கும் என்பதால் மறுபடி ஒரு தடவை வடிகட்டி, ஆறியதும் இரண்டு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பனைவெல்லம் எதற்கென்றால், அதன் கருகிய இனிப்பு வாசனை கருப்பு மால்ட்டின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பும், வெறும் சர்க்கரையில் செய்தால் அது இஞ்சி சோடாவாக மட்டுமே இருக்கும். 50 மில்லி பாகுக்கு 150 மில்லி குளிர்ந்த சோடா. ஜவ்வாது மலைத் தேன் கிடைத்தால் சர்க்கரையில் கொஞ்சத்தைக் குறைத்து அதைச் சேர்க்கலாம், ஆனால் பாகு ஆறின பிறகு. கொதிக்கிற பாகில் ஊற்றினால் தேனின் வாசனை போய்விடும், காசுக்குக் கேடு.

கலந்து பார்க்கும் நாள்

மருந்துக் கடையில் ஊசி இல்லாமல் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். வேலூர் மாதிரி ஆஸ்பத்திரி ஊரில் இருந்துகொண்டு இதற்குத் தேட வேண்டியதில்லை. நாலு டம்ளரில் ஒரே அளவு, 200 மில்லி, மசாலா இல்லாத பானம் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. மற்றதில் 2, 4, 6 மில்லி என்று சாறு விட்டு, மெதுவாகக் கலக்கி, சில்லென்று இருக்கும்போதே ருசி பாருங்கள். குளிர்ச்சியில் வாசனையும் இனிப்பும் மட்டுப்படும், வெதுவெதுப்பாக ருசி பார்த்து முடிவு செய்தால் பரிமாறும்போது கணக்கு மாறிவிடும்.

குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். மோந்து பாருங்கள், ஒரு வாய் குடியுங்கள், விழுங்கின பிறகு நாக்கில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கவனியுங்கள். நாக்கு நுனி லேசாக மரத்தால் கிராம்பு கூடிப்போச்சு என்று அர்த்தம். கிராம்பில் இருக்கும் யூஜினால்தான் அந்த வேலையைச் செய்கிறது, பல் டாக்டர் கிளினிக்கில் வரும் வாசனையும் அதுதான். தொண்டை அடியில் எரிந்தால் மிளகு. வாயின் பின்பக்கம் துவர்த்துக் கசந்தால் பட்டை அதிகம் கொதித்திருக்கும் அல்லது தோலின் வெள்ளை இறங்கியிருக்கும். நாலு டம்ளருக்கு மேல் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், மூக்கு சோர்ந்துவிடும், அதற்கப்புறம் எதைக் கொடுத்தாலும் இன்னும் கொஞ்சம் போடலாம் என்றுதான் சொல்லும். வாசல் பக்கம் போய் நின்றுவிட்டு வாருங்கள். சமையல் செய்யாத ஒருவரைக் கூப்பிட்டு, என்ன போட்டிருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. "என்ன வாசனைன்னு தெரியல, நல்லாருக்கு" என்றால் அந்த அளவோடு நிறுத்துங்கள். "பட்டை போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டால் அதற்கு முந்தின டம்ளர்தான் சரி.

இப்போது கணக்கு. 200 மில்லிக்கு 4 மில்லி பிடித்திருந்தால் 5 லிட்டருக்கு 100 மில்லி. ஆனால் 80 மில்லி மட்டும் ஊற்றுங்கள். மசாலா வாசனை ராத்திரி முழுக்க ஊறி இன்னும் கொஞ்சம் விரியும். மறுநாள் ருசி பார்த்து, குறைந்தால் மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். சோடா வழியில் செய்கிறவர்கள் சோடாவில் கலக்கக்கூடாது, கேஸ் போய்விடும், பாகில் கலந்துவிட வேண்டும்: ஒரு டம்ளருக்கு 50 மில்லி பாகு என்றால் 600 மில்லி பாகு 12 டம்ளருக்கு வரும், அப்போது 48 மில்லி சாறு. ஜாதிக்காய் இதிலெல்லாம் வராது. பரிமாறும்போது டம்ளர் மேலே, துருவியில் இரண்டே இழுப்பு.

வெளிநாட்டில் நிஜ பீர் காய்ச்சுகிறவர்களுக்கு

எல்லா பீரும் மசாலா தாங்காது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகையில் மசாலா போட்டால் இரண்டும் அடித்துக்கொள்ளும். பிரவுன் ஏல், போர்ட்டர், ஸ்டவுட் மாதிரி மால்ட் இனிப்பு உள்ள பீர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள், கசப்பைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், ஏனென்றால் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் தங்கள் பங்குக்குக் கசப்பு சேர்க்கும். பண்டிகை பீர் சாதாரணமாக 6 முதல் 8 சதவீத ஆல்கஹாலில் இருக்கும், ருசி ஒன்றோடொன்று இழைய நாள் ஆகும் என்பதால் அக்டோபரிலேயே காய்ச்சிவிடுவது நல்லது.

19 லிட்டர் பீருக்கு, குறிப்புகளில் வழக்கமாகச் சொல்லும் அளவுகள் இப்படி இருக்கும்: பட்டைக் குச்சி 1 அல்லது 2, கிராம்பு 3 முதல் 5, துருவிய ஜாதிக்காய் கால் முதல் அரை டீஸ்பூன், இஞ்சி 20 முதல் 30 கிராம், நசுக்கிய தனியா 15 முதல் 30 கிராம், உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் அதே அளவு, அன்னாசிப்பூ 1. கவனியுங்கள், 19 லிட்டருக்கே கிராம்பு ஐந்தைத் தாண்டவில்லை. நம்ம வீட்டில் ஒரு கிலோ அரிசிக்குப் போடுவதைவிடக் கம்மி. இதில் ஒவ்வொன்றிலும் கீழ் அளவை எடுங்கள், தனியாவையும் தோலையும் மட்டும் மேல் அளவுக்குக் கொண்டுபோகலாம்.

எப்போது போடுவது? மூன்று சமயம் இருக்கிறது. வோர்ட், அதாவது புளிக்க வைப்பதற்கு முன் காய்ச்சும் மால்ட் சாறு, கொதித்து முடியும் கடைசி 5 நிமிஷத்தில் துணிப் பையில் கட்டிப் போடலாம். நோய்க்கிருமி பயம் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அது புளிக்கிறபோது கார்பன் டையாக்சைடு வெளியேறி வாசனையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், முடிவில் எவ்வளவு மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிராம்பு, பட்டை இரண்டுக்கும் நுண்ணுயிர்களை அடக்கும் குணம் உண்டு என்பதால் அளவு மீறினால் ஈஸ்டும் மந்தமாகும். இரண்டாவது, புளித்து முடிந்த பிறகு நேராகப் போட்டு ஊற வைப்பது. தினமும் ருசி பார்க்க வேண்டும், ஒரு நாள் மறந்தால் கிராம்பு ஏறிவிடும். மூன்றாவது, நான் சொல்வது: மசாலாவை மூழ்கும் அளவு வோட்காவில், சுமார் 100 மில்லி, மூடி போட்ட பாட்டிலில் 3 முதல் 7 நாள் ஊற வைத்து, தினம் ஒரு தடவை குலுக்கி, காபி ஃபில்ட்டர் தாளில் வடிகட்டி, பாட்டிலில் அடைக்கிற அன்று மேலே சொன்ன அதே சிரிஞ்ச் கணக்கில் கலப்பது. வாசனை எண்ணெய்கள் தண்ணீரைவிட ஆல்கஹாலில் நன்றாகக் கரையும் என்பதால் இது என் தண்ணீர்ச் சாற்றைவிட வீரியமானது, 200 மில்லிக்கு அரை மில்லியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு மசாலாவுக்கும் தனித்தனிச் சின்னப் பாட்டில் வைத்தால் இன்னும் சௌகரியம், கிராம்பு வேண்டாம் என்று தோன்றினால் அதை மட்டும் விட்டுவிடலாம். வனிலா போடுவதாக இருந்தால் அதுவும் இந்த வழியில்தான், ஒரு காய் போதும்.

கூடிப்போனால் சரிசெய்ய ஒரே வழி, மசாலா போடாத பீரோடு கலப்பது. அதனால் காய்ச்சியதில் நாலைந்து பாட்டிலை மசாலா சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிடுங்கள். சர்க்கரை சேர்த்து மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பாட்டிலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், கூடுதல் சர்க்கரை கிடைத்தால் அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். கலக்கவும் முடியாவிட்டால் காத்திருங்கள், மாதக்கணக்கில் வைத்தால் ஆரஞ்சும் இஞ்சியும் முதலில் மங்கும், கிராம்பும் பட்டையும் மெதுவாகத்தான் இறங்கும், அதாவது காத்திருந்தாலும் பிரியாணிப் பக்கம்தான் மிஞ்சும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே சேர்மானத்தை வருஷா வருஷம் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்க்கர் என்ற பீர் கம்பெனி 1975இல் ஆரம்பித்த கிறிஸ்துமஸ் ஏல் பீரை ஒவ்வொரு வருஷமும் வேறு செய்முறையில்தான் வெளியிட்டது. நம்ம பக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. நன்னாரி வேர், கருப்பு பீரோடு நன்றாகச் சேரும். அதிமதுரம் ஒரு சின்னத் துண்டு இனிப்பு மாதிரி ஒரு நீளத்தைக் கொடுக்கும். நார்த்தங்காய்த் தோல் ஆரஞ்சைவிடக் கசப்பு, பாதி அளவு போதும். திப்பிலியை மட்டும் நான் சேர்க்க மாட்டேன், அது வந்த உடனே பாட்டி சங்கில் ஊற்றிக் கொடுத்த மருந்துதான் ஞாபகத்துக்கு வரும்.

வடிகட்டின சக்கையைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதில் இனி ஒன்றுமில்லை. மிஞ்சின தண்ணீர்ச் சாற்றை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஒரு கவரில் போட்டு, என்னென்ன சேர்த்தது, எவ்வளவு சேர்த்தது என்று மேலே எழுதிவிடுங்கள். பொங்கல் வரை கட்டஞ்சாயாவில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம்.